கனி உயிரற்றதா? ஓரமர்வுப் பழ ஓவியங்கள் குறித்து

விருதுநகர், அருப்புக்கோட்டை, இராஜபாளையம் வட்டாரங்களில் முஸ்லிம் இல்லங்களின் முன்னறைச் சுவரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இரண்டு வகையான படங்கள் நன்கு அறிமுகமானவை. ஒன்று, புனித கஃபாவும் மதீனத்துப் பச்சைக் குவிமாடமும் இடம்பெற்ற நாட்காட்டி. மற்றொன்று பழக்கூடை. திராட்சை, ஆப்பிள், அன்னாசி, மாம்பழம், வாழை ஆகிய அனைத்தும் ஒரே கூடையில், ஒரே பளபளப்புடன், ஆண்டின் பன்னிரண்டு மாதங்களும் வாடாமல் இருக்கும். கடைக்காரர் அன்பளிப்பாகத் தந்த நாட்காட்டியில் வேறு படம் இருந்தால் வீட்டுப் பெரியவர்கள் தயங்குவார்கள். பழக்கூடைக்குத் தயக்கமில்லை. அதற்குக் கண்ணில்லை, முகமில்லை, உயிரில்லை. ஆட்சேபணைக்கு இடமற்ற படம் என்பதே அதன் தகுதியாக இருந்தது. அதனாலேயே அதை எவரும் உற்றுப் பார்த்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பழத்தை வரையும் கலையில் இதற்கு நேர் எதிர்த் திசையில் நிற்கும் ஒரு வகை உண்டு. உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய பலகை, ஓரிரு பழங்கள், எண்ணெய் வண்ணம், இரண்டு அல்லது மூன்று மணி நேரம். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுவதற்குள் ஓவியம் முடிந்தாக வேண்டும். மறுநாள் திருத்தம் கிடையாது. இத்தாலியர் இம்முறையை 'அல்லா பிரீமா' என்பர். முதல் முயற்சியிலேயே என்பது அதன் பொருள். (தமிழில் எழுதுகையில் இச்சொல் நம் வாசகருக்கு ஒரு கணம் மயக்கம் தரக்கூடும். இறைநாமத்துக்கும் இதற்கும் யாதொரு தொடர்புமில்லை. அந்த 'அல்லா' வெறும் வேற்றுமை உருபு.) தமிழில் இதனை ஓரமர்வு ஓவியம் எனலாம். ஓவியக் கல்லூரிகளில் இது முதலாண்டு மாணவனின் கைப்பழக்கம் என்ற அளவிலேயே மதிக்கப்படுகிறது. வரவேற்பறை அலங்காரம் என்பது இதன் மீதான மற்றொரு ஏளனம். இவ்விரு மதிப்பீடுகளும் போதா என்பதே என் கருத்து. நம் பழக்கூடை நாட்காட்டியின் குறை என்ன என்பதை விளங்கிக்கொள்ளவும் இச்சிறு ஓவியங்களே உதவுகின்றன.

முதலில் நாட்காட்டியைப் பார்ப்போம். 1920களில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீக்குச்சித் தொழில் கற்றுத் திரும்பிய வரலாறு சிவகாசியில் சிறுவரும் அறிந்தது. தீப்பெட்டிக்கு ஒட்டுத்தாள் தேவைப்பட்டது. ஒட்டுத்தாளுக்கு அச்சகம் தேவைப்பட்டது. அச்சகம் வந்தபின் நாட்காட்டி வந்தது. இன்றும் ஆடிப்பெருக்கு நாளில் வரும் ஆண்டுக்கான நாட்காட்டி மாதிரித் தொகுப்புகளை வெளியிடுவது அவ்வூர் அச்சகத்தாரின் வழக்கம். ஆக, நம் மாவட்டத்தில் பெருமளவில் புழங்கிய பழ ஓவியம் முதலில் தீப்பெட்டியின் முகத்தில் ஒட்டிய சின்னஞ்சிறு தாளாகவே இருந்தது. மாம்பழமும் அன்னாசியும் ஆப்பிளும் அங்கே வணிகச் சின்னங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கடையில் 'மாம்பழப் பெட்டி' என்று கேட்டு வாங்குவதற்கு அவை பயன்பட்டன. அச்சிறு படங்களில் ஒரு நேர்மை உண்டு. ஒரு பழம், ஒரு நிறம், தெளிவான விளிம்பு. அதற்குமேல் எதையும் அவை கோரவில்லை.

நாட்காட்டியின் கதை வேறு. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டய்யராஜுவும் (1898-1976) அவருடைய மாணவர்களும் தீட்டிய படங்களைச் சிவகாசி அச்சகங்கள் இலட்சக்கணக்கில் பரப்பின. அவர்களுடைய பொருள் பெரும்பாலும் இந்து சமயத் தெய்வ உருவங்களே. அவ்வகைப் படங்களில் உருவத்தின் முன்னே பழத்தட்டு இடம்பெறும். எல்லாப் பக்கமும் ஒரே சீரான ஒளி, ஒரு பழத்தின் நிழல் மற்றொன்றின் மீது விழாத தன்மை, தேய்த்துத் துடைத்தது போன்ற தோல் ஆகியவை அங்கே பொருத்தமானவையே. அவை படையல் பழங்கள். காலத்துக்கு அப்பாற்பட்டவையாகத் தோன்ற வேண்டியவை. முஸ்லிம் வாடிக்கையாளருக்கென உருவம் நீக்கப்பட்டுப் பழம் மட்டும் எஞ்சியபோது அந்த ஒளியும் அந்தத் தோலும் அப்படியே தங்கிவிட்டன. மையம் இல்லாமல் போயிற்று. முன்னணித் தட்டு மட்டும் பெரிதாக்கப்பட்டது. நம் வீட்டுப் பழக்கூடையின் வெறுமை இங்கிருந்து வருகிறது என்று நான் கருதுகிறேன். மார்க்கம் உருவத்தைத் தடுத்ததால் ஓவியம் வறண்டது என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவர். வேறொரு தேவைக்காக உருவான காட்சிமொழியை ஆராயாமல் எடுத்துக்கொண்டதே அந்த வறட்சிக்குக் காரணம்.

இனி, அனுமதி பற்றிய பேச்சு. ஃபத்வா வழங்குவது இக்கட்டுரையின் பணியன்று. அதற்கான தகுதியும் எனக்கில்லை. ஆனால் பழ ஓவியம் பற்றிப் பேசும் ஒருவர் ஒரு குறிப்பிட்ட செய்தியைத் தாண்டிச் செல்ல இயலாது. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் ஒருவர் வந்து, தம் வாழ்வு கைத்தொழிலால் நடப்பதாகவும் தாம் உருவங்கள் செய்பவர் என்றும் கூறுகிறார். நபி (ஸல்) அவர்களிடம் தாம் கேட்ட எச்சரிக்கையை இப்னு அப்பாஸ் (ரலி) எடுத்துரைக்கிறார்கள். வந்தவர் மூச்சுத் திணறி முகம் வெளிறிப்போகிறார். அதைக் கண்டு, செய்தே தீரவேண்டுமெனில் மரத்தையும் உயிரற்ற பொருள்களையும் வரைந்துகொள்ளுமாறு அவருக்கு வழிகாட்டுகிறார்கள். இச்செய்தியை இமாம் புகாரி (ரஹ்) வணிகம் பற்றிய பகுதியில் பதிந்திருப்பது கவனத்துக்குரியது. அவ்வுரையாடலின் நடுவே ஒரு தொழிலாளியின் பிழைப்பு இருக்கிறது. ஓவியன் ஒருவனின் முகம் வெளிறியதைப் பார்த்து இரங்கிய அந்தப் பார்வையை நம் விவாதங்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

இதனை அடியொற்றியே, உயிரற்றவற்றை வரைவதும் அதனால் பொருளீட்டுவதும் ஆகும் என்பது அறிஞர்களின் பொதுவான நிலைப்பாடாக இமாம் நவவி (ரஹ், இறப்பு 1277) முஸ்லிம் நூலுக்கான விரிவுரையில் எழுதுகிறார்கள். கனி தரும் மரமாயினும் தராத மரமாயினும் வேறுபாடில்லை என்றும் கூறுகிறார்கள். அதே இடத்தில் ஒரேயொரு மாற்றுக் கருத்தையும் பதிகிறார்கள். முஜாஹித் (ரஹ்) மட்டும் கனி தரும் மரத்தை வரைவதை வெறுக்கத்தக்கதாகக் கருதினார். அவரைத் தவிர வேறெவரும் இவ்வாறு கூறியதில்லை என்று காழீ இயாழ் (ரஹ்) குறிப்பிட்டதையும் எடுத்துக்காட்டுகிறார்கள். முஜாஹித் சாமானியர் அல்லர். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடமே பாடம் பயின்ற மாணவர். இறைவனின் படைப்பைப் போலப் படைக்க முற்படுவோரைக் கண்டிக்கும் ஹதீஸ் குத்ஸியே அவருக்கு ஆதாரம். ஒரு தானியத்தையேனும் ஒரு வாற்கோதுமை மணியையேனும் படைத்துப் பார்க்கட்டும் என்ற அறைகூவல் அதன் தொடர்ச்சியாக வருவதை வாசகர் அறிவர். பெரும்பான்மையினரோ, படைத்தவற்றுக்கு உயிர் கொடுங்கள் என மறுமையில் சொல்லப்படும் என்ற நபிமொழியைக் கொண்டு, கண்டனம் உயிருள்ளவற்றுக்கே உரியது என்று விளக்கினர்.

சட்டத்தில் முஜாஹிதின் கருத்து நிலைபெறவில்லை. கலை விமர்சனத்துக்கோ அது பெரும் வெளிச்சம் தருகிறது. மரம் நிற்கட்டும், கனி வேறு என்று அவர் கண்டார். கனிக்குள் விதை இருக்கிறது, விதை முளைக்கும். நேற்றுக் காயாக இருந்தது இன்று பழமாகி நாளை அழுகுகிறது. ஐரோப்பிய மொழிகளும் இவ்விடத்தில் தடுமாறியிருக்கின்றன. ஆங்கிலேயர் இவ்வகை ஓவியத்தை அசையாத வாழ்வு என்ற பொருளில் அழைக்கின்றனர். பிரெஞ்சுக்காரர் இறந்த இயற்கை என்கின்றனர். வாழ்வா, மரணமா என்பதில் இரு மொழிகளும் உடன்படவில்லை. பழத்தை 'உயிரற்றது' என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட்ட நாம், அனுமதி கிடைத்ததும் பார்ப்பதை நிறுத்திக்கொண்டோம்.

நம் முன்னோர் பார்ப்பதை நிறுத்தியவர்களல்லர். ஜெரூசலத்துக் குப்பத்துஸ் ஸக்ராவின் (691-692) சுவர்களில் உள்ள கண்ணாடிச் சில்லோவியங்களில் திராட்சையும் மாதுளையும் குலைகுலையாக உள்ளன. திமிஷ்கின் உமைய்யாப் பள்ளிவாசலில் மனிதரோ விலங்கோ இன்றி ஆறும் மாளிகைகளும் மரங்களும் மட்டும் நீண்டு செல்கின்றன. இஸ்தான்புல்லில் சுல்தான் மூன்றாம் அஹ்மது 1705இல் தம் அரண்மனைக்குள் அமைத்த கனியறையில் சுவர்ப்பலகை தோறும் பழக்கிண்ணங்களும் மலர்ச்சாடிகளும் தீட்டப்பட்டுள்ளன. அவை அலங்காரம் என்ற எல்லைக்குள் நிற்பவைதாம். எனினும் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் தனி மரியாதை அளிக்கப்பட்டிருக்கிறது.

எண்ணெய் வண்ணத்தில் பழத்தைத் தீவிரமாக எடுத்துக்கொண்ட முதல் முஸ்லிம் தலைமுறை பத்தொன்பதாம் நூற்றாண்டுத் துருக்கியில் தோன்றியது. ஷெக்கெர் அஹ்மத் பாஷா (1841-1907), சுலைமான் செய்யித் (1842-1913) இருவரும் இராணுவக் கல்வியின் வழியே வந்து பாரிஸில் ஓவியம் பயின்றவர்கள். ('ஷெக்கெர்' என்றால் சர்க்கரை. இனிய சுபாவத்துக்காக அவருக்குக் கிடைத்த பட்டப்பெயர் அது. பழம் வரைபவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது.) 1873இல் இஸ்தான்புல்லில் ஓவியக் கண்காட்சி ஒன்றைக் கூட்டிய பெருமை முன்னவருக்குரியது. அவருடைய பழக்குவியல்களில் எடை இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பழமும் அடுத்ததை அறியாதது போல் தனித்து உட்கார்ந்திருக்கிறது. சபையில் வரிசையாக அமர்ந்த அதிகாரிகளை நினைவூட்டுகிறது. செய்யிதின் ஆரஞ்சுப் பழங்கள் அளவில் அடக்கமானவை. ஒரு பழத்தின் நிறம் அடுத்ததன் நிழலுக்குள் கசிவதை அவர் கண்டிருக்கிறார். இருவரில் என் மனம் செய்யிதின் பக்கமே சாய்கிறது. இவர்கள் ஓரமர்வு ஓவியர்களாக அறியப்பட்டவர்கள் அல்லர். ஆயினும் பழத்தை உற்றுநோக்கும் பொறுமை நம் சமூகத்துக்கு அந்நியமன்று என்பதற்கு இவர்களே சான்று.

ஓரமர்வு முறையின் இயல்பைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தொழில்நுட்பத்தில்தான் அதன் பொருளும் இருக்கிறது. எண்ணெய் வண்ணம் நீர் வண்ணத்தைப் போல் நீர் ஆவியாகி உலர்வதில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை உட்கொண்டு மெல்ல இறுகுகிறது. தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரப் பல நாள்கள் ஆகும். ஆகவே ஒரே அமர்வில் வேலை செய்பவர் ஈரத்தின் மேல் ஈரத்தை வைக்கிறார். அடியிலுள்ள நிறம் மேலுள்ளதோடு கலந்துவிடும் அபாயம் ஒவ்வொரு தீற்றிலும் உண்டு. ஒரே இடத்தை மூன்று முறை தொட்டால் மஞ்சளும் நீலமும் குழம்பிச் சேற்று நிறமாகிவிடும். எனவே தூரிகை பலகையைத் தொடுவதற்கு முன்பே நிறம் தட்டிலேயே முடிவாகியிருக்க வேண்டும். பார்ப்பதற்கு நெடுநேரம், வைப்பதற்கு ஒரு நொடி. மறுபுறம், நறுக்கிய பழமும் அதே காற்றிலிருந்து அதே ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. ஆப்பிளும் வாழையும் அரைமணிக்குள் பழுப்பேறுகின்றன. பலகையில் இறுக்கத்தையும் தட்டில் கெடுதலையும் உண்டாக்குவது ஒரே காற்று. ஓவியர் இரண்டுக்கும் நடுவே அமர்ந்திருக்கிறார்.

ஒளியின் பிரச்சினை நம் ஊருக்கே உரியது. ஐரோப்பியக் கையேடுகள் வடக்குச் சாளரத்தருகே அமருமாறு ஓவியருக்கு அறிவுறுத்தும். அந்நாடுகளில் சூரியன் ஆண்டு முழுதும் தெற்கே சாய்ந்திருப்பதால் வடக்கு ஒளி மாறாமல் நிற்கும். விருதுநகர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்பதரைப் பாகையளவில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் இறுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. மாம்பழப் பருவம் முழுவதும் வடக்குச் சாளரத்தில் நேர்வெயில் விழும் என்பது இதன் விளைவு. மேலும் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக மேலேறுவதால் காலை எட்டு மணிக்குப் பலகையளவு நீண்ட நிழல் பத்தரைக்குள் பழத்தின் அடியில் சுருண்டுவிடுகிறது. எந்த நிழலை வரைவது என்று தொடக்கத்திலேயே முடிவெடுத்து, அது போன பின்னும் நினைவில் வைத்து அதையே வரைய வேண்டும். லண்டன் நூல் படித்து வரும் மாணவன் இங்கே தோற்பது அவன் கையின் குறையால் அன்று.

இம்முறையின் உச்சமாக நான் கருதும் ஓவியங்களுள் ஒன்று எதுவார் மானே 1880இல் தீட்டிய எலுமிச்சை. அளவு 14க்கு 22 செண்டிமீட்டர். இருண்ட தட்டில் ஒரேயொரு பழம், வேறெதுவும் இல்லை. நோயுற்று, நெடுநேரம் நின்று பெரிய ஓவியங்களைத் தீட்டுவது கடினமாகிப்போன காலத்தில் அவர் இத்தகைய சிறு ஓவியங்களை அதிகம் வரைந்தார், 1883இல் இறந்தார். ஓரமர்வில் முடித்ததாகவே தோன்றும் அவ்வோவியத்தில் எலுமிச்சையின் தோல் கரடு, தட்டில் விழும் மஞ்சள் சாயல், நிழலின் பசுமை என ஒவ்வொன்றும் ஒரு சில தீற்றுகளில் நிற்கின்றன. பழம் இனியது என்றோ, வாழ்வு நிலையற்றது என்றோ அது நமக்குப் போதிப்பதில்லை. அங்கே ஓர் எலுமிச்சை இருந்தது என்பதை மட்டும் சொல்கிறது.

இம்முறையைத் துதிபாடுவதும் என் நோக்கமன்று. வேகம் விரைவில் வித்தையாகிவிடும். 2004 இறுதியில் அமெரிக்க ஓவியர் டுவேன் கெய்சர் நாளுக்கொரு அஞ்சலட்டையளவு ஓவியம் தீட்டி இணைய ஏலத்தில் விற்கத் தொடங்கினார். அவரைப் பின்பற்றி உலகெங்கும் பலர் கிளம்பினர். தொடக்கத்தில் அது நல்லதோர் ஒழுங்குப் பயிற்சியாக இருந்தது. நாளடைவில் தடித்த தீற்று, ஓரத்தில் ஒரு வெள்ளைப் பளிச்சிடல், பின்னணியில் சாம்பல் நீலம் என்று ஒரு வாய்பாடு உருவாகிவிட்டது. தூரிகை ஓடிய ஓட்டத்தைக் காட்டுவதற்காகவே பழம் வைக்கப்படும் அத்தகைய படத்துக்கும் நம் நாட்காட்டிக் கூடைக்கும் அடிப்படையில் வேறுபாடில்லை. இரண்டிலும் பழம் ஒரு சாக்கு. இன்னொரு பக்கம் செசானைப் பாருங்கள். மலர் வாடி, பழம் அழுகும் அளவுக்கு மெதுவாக உழைத்தவர். இறுதியில் தாள் மலர்களை வைத்து வரைய நேர்ந்தது. அவரைப் பொய்யர் என்று எவரும் சொல்ல முடியாது. கடிகாரம் உண்மைக்கு உத்தரவாதம் அளிப்பதில்லை.

முஜாஹிதின் தயக்கத்தை எனக்கு மிக அணுக்கமாக விளக்கியது ஒரு திரைப்படம். விக்தோர் எரிசே இயக்கி 1992இல் வெளிவந்த அந்த ஸ்பானியப் படத்தில் அந்தோனியோ லோப்பெஸ் என்ற ஓவியர் தம் வீட்டு முற்றத்தில் காய்த்து நிற்கும் சீமைமாதுளை மரத்தை வரைய முயல்கிறார். ஒவ்வொரு நாளும் பழம் கனத்துக் கிளை தாழ்கிறது. எவ்வளவு தாழ்ந்தது என்றறிய இலைமீதும் பழத்தின்மீதும் வெள்ளைக் கோடுகள் இடுகிறார். மழை வருகிறது, ஒளி போகிறது. எண்ணெய் வண்ணத்தைக் கைவிட்டுக் கோட்டோவியத்துக்கு மாறுகிறார், அதையும் நிறுத்துகிறார். பழங்கள் தரையில் விழுகின்றன. பறித்த பழத்தை இரண்டு மணி நேரத்தில் பிடித்துவிடலாம். மரத்திலிருக்கும் கனி எவருக்கும் அமர்ந்து கொடுப்பதில்லை. பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முந்திய ஒரு தனிக் கருத்து கண்முன் நிகழ்வது போலிருந்தது எனக்கு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதக் காலையில், விருதுநகரில் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் வேலை செய்வதை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது. எட்டுக்கு ஆறு அங்குலப் பலகை. எவர்சில்வர் தட்டில் பாதியாக நறுக்கிய சப்பட்டை மாம்பழம். ஓரமாகக் கொட்டை தெரிந்தது. முதலில் வெட்டுமுகத்தைத் தீட்டினார். தோல் காத்திருக்கும், சதை காத்திருக்காது என்பது அவர் கணக்கு. காட்மியம் மஞ்சளோடு மிகச் சிறிதளவு ஊதா சேர்த்து நிழற்பக்கத்தை வைத்தார். ஒன்பது மணிக்குள் சதையின் ஈரப் பளபளப்பு மங்கிவிட்டது. ஈ ஒன்று வந்து அமர்ந்தது. அவர் அதை விரட்டவுமில்லை, வரையவுமில்லை. பத்தரைக்குச் சாளரத்தின் வழியே வெயில் தட்டின் விளிம்பைத் தொட்டதும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்.

அவ்வோவியம் குறைகளற்றதன்று. தட்டின் விளிம்பில் மாம்பழ மஞ்சள் வளைந்து ஓடும் ஒரே தீற்று, நான் பார்த்த எந்த அச்சுப் பழக்கூடையிலும் இல்லாத உண்மை. கொட்டையின் நாரை அவர் மிக அளவாகச் சொல்லியிருந்தார். அதற்குள் இன்னும் ஏதோ முடியாமல் இருக்கிறது என்ற எண்ணம் பார்ப்பவருக்கு வருகிறது. ஆனால் இடப்பக்கக் கீழ்நிழல் சேறாகிவிட்டது. அவ்விடத்தில் தூரிகை தயங்கி இருமுறை திரும்பி வந்திருப்பது தெரிந்தது. நான் அதைச் சுட்டிக்காட்டி, வண்ணம் காய்ந்தபின் அதை மட்டும் சரிசெய்யலாமே சார் என்றேன்.

"எனக்கும் தெரியுது பாய். நாளைக்கு அதத் தொட்டா, நாளைக்கு உள்ள வெளிச்சத்தத்தான போடுவேன்" என்றார். பழத்தைப் பேரக்குழந்தைகளுக்குக் கொடுக்கச் சொல்லித் தட்டை உள்ளே அனுப்பிவிட்டு, பலகையைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்தார். நிழல் சேறாகவே இருக்கிறது.